மேடையேறவா, முன்வரிசையில் நனையவா? நெல்லைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பெரிய பரீட்சை முடிந்து லீவு விட்டால் நெல்லைப் பக்கத்து வீடுகளில் ஓடும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கொச்சி வொண்டர்லா, சென்னைப் பூங்காக்கள், ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். டிக்கெட் எவ்வளவு, ரயில் எப்போது, ராட்டினம் எத்தனை என்று கணக்குப் போட்டு முடிவு செய்வோம். நான் இன்னொரு கணக்கும் பார்க்கச் சொல்வேன். அங்கே நடக்கிற நேரடி ஷோக்களில் வந்தவர்களை எப்படி உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது.

ராட்டினத்தில் பயந்து அலறினால் யாருக்கும் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரரும் அலறிக்கொண்டுதான் இருப்பார். ஷோ அப்படியில்லை. மைக்கோடு ஒருவர் படியிறங்கி வந்து, "மஞ்சள் சட்டை அண்ணா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டால் அரங்கமே ஒரே பக்கமாகத் திரும்பும். அதை ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு முழுக்க முகம் சுண்டிப்போய்த் திரிகிறவர்களும் உண்டு. ஒரே வீட்டிலேயே இந்த இரண்டு வகையும் இருப்பதுதான் சிக்கல்.

உள்ளூரில் இதற்குப் பழகிக்கொள்ள வழியில்லை. ஆனித் திருவிழாவை ஒட்டிப் போடும் பொருட்காட்சியில் ராட்டினம் இருக்கும், டெல்லி அப்பளம் இருக்கும். மேஜிக் ஷோ வந்தால் ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் காதிலிருந்து காசு எடுப்பதோடு சரி. ஆகவே நம்மில் பலருக்கு முதல் மேடை அனுபவமே வெளியூர்ப் பூங்காவில், தெரியாத பாஷை பேசுகிற ஒருவர் கையில்தான் கிடைக்கிறது.

நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று சொல்வார்கள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பார்த்த யாரும் அதை நம்பமாட்டார்கள். லாரி ஓட்டுகிறவர், கல்லூரிப் பையன், மளிகைக் கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மாலை போட்டு விரதமிருந்து, காளி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டித் தெருத்தெருவாக, கடைகடையாகக் காணிக்கை வாங்கிப் போய் முத்தாரம்மன் கோயிலில் செலுத்துகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நடுப்பகலில் சேலை கட்டிக்கொண்டு ஆடுகிற மனுஷனுக்குக் கூச்சமா இருக்கும்? அதே ஆளைப் பூங்கா மேடையில் நிறுத்தி, "சார், உங்க பேரென்ன, எந்த ஊரு?" என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. குலசையில் அவருக்கு வேஷம் இருக்கிறது, என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. பூங்காவில் வெறும் முகத்தோடு நிற்கிறார்.

எனவே எந்தப் பூங்காவுக்குப் போவதென்றாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அங்கே வருகிறவருக்கு ஒரு வேஷம் கொடுக்கிறார்களா, இல்லை வருகிறவரையே வேடிக்கையாக்குகிறார்களா?

வேஷம் கொடுக்கும் இடம்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுக்குள் எனக்குத் தெரிந்த நல்ல பதில் ராமோஜியில்தான் கிடைக்கிறது. 1996ல் தொடங்கிய இடம். உலகத்திலேயே பெரிய சினிமா ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸில் பெயர் வாங்கியது. செட்டுகளைப் பஸ்ஸில் சுற்றிக் காட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். நான் சொல்ல வந்தது 'மூவி மேஜிக்' பகுதியை. சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்பதை அங்கே பார்க்க வந்தவர்களை வைத்தே செய்து காட்டுகிறார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துக் குதிரை வண்டியில் உட்காரவைத்து, துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்பி ஓட்டுவதாக நடிக்கச் சொல்வார்கள். வண்டி இருந்த இடத்தில்தான் இருக்கும். கேமரா ஓடும். அடுத்த அரங்கில் வேறு சிலரைக் கூப்பிட்டு அந்தக் காட்சிக்கு வேண்டிய சத்தங்களை எழுப்பச் சொல்வார்கள். கையில் கொடுக்கிற தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து குளம்படி வரும், சாட்டையடி வரும். கடைசி அரங்கில் ஏற்கெனவே எடுத்துவைத்த காட்சிகளோடு இதையெல்லாம் கோத்துத் திரையில் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த அம்மா, திரையில் புழுதி பறக்க வண்டி ஓட்டுகிறார்.

இதில் தோற்பதற்கு எதுவுமே இல்லை என்பது எனக்குப் பிடிக்கும். வண்டியில் ஏறினவருக்கு நடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பது அந்த அம்மாவைப் பார்த்து அல்ல, இவ்வளவு சாதாரணமாக எடுத்தது எப்படி இப்படி மாறியது என்கிற வித்தையைப் பார்த்து. வசனம் பேசவேண்டியதில்லை. கையில் ஒரு வேலை, முன்னால் ஒரு கேமரா, என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர ஒரு ஆள். குலசையில் வேஷம் கட்டினவருக்கு இருக்கிற அதே தைரியம் இந்த அம்மாவுக்கும் வந்துவிடுகிறது. மேடைக்கு வர மனசில்லாதவர்களுக்குச் சத்தம் எழுப்பும் வேலை இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் சும்மா பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் வண்டி. நம் வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, காசு கொடுத்து வாங்கவும் முடியாது. நடத்துகிறவர்கள் இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் கலந்து பேசுவார்கள். தமிழை எதிர்பார்க்கவேண்டாம். அங்கேயே நடக்கும் கௌபாய் ஸ்டண்ட் ஷோ பார்ப்பதற்கு மட்டும்தான், நம்மைச் சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே தூரம். நெல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்த ஒரு ஷோவுக்காக மட்டும் போவது என்றால் நானே வேண்டாம் என்பேன். சார்மினார், கோல்கொண்டா, பிரியாணி எல்லாம் சேர்த்துப் போடுகிற திட்டத்தில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினால் நியாயம்.

ஆள் பிடிக்கும் விதம்

எங்கே போனாலும் கூட்டத்திலிருந்து ஆள் எடுக்கிற முறை ஏறக்குறைய ஒன்றுதான், அது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள டிஸ்னி ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 1989ல் ஆரம்பித்த இண்டியானா ஜோன்ஸ் ஸ்டண்ட் ஷோவில் பல வருஷங்களாக, ஆரம்பத்திலேயே 'நடிகர் தேர்வு' என்று ஒருவர் வந்து நிற்பது வழக்கமாக இருந்தது. யார் எழுந்து அதிகமாகக் குதிக்கிறார்களோ, கத்துகிறார்களோ, அவர்களில் சிலரைத் துணை நடிகர்களாக எடுத்துக்கொள்வார். 18 வயது ஆகியிருக்கவேண்டும். அப்படி எடுத்தவர்களில் ஒருவர் உண்மையில் அவர்களுடைய சொந்த ஸ்டண்ட் ஆள். பார்வையாளர் மாதிரி உடுத்திக்கொண்டு கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார். அடி வாங்குவது, தூக்கி எறியப்படுவது எல்லாம் அவர் பொறுப்பு. காசு கொடுத்து வந்தவர்மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. ஆகவே எந்த ஷோவிலாவது 'பாவம், ஒரு ஆளைக் கூப்பிட்டு இப்படிப் போட்டு உருட்டுகிறார்களே' என்று தோன்றினால் பதறவேண்டாம். உருளுகிறவர் சம்பளக்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மற்றபடி பொதுவாகப் பார்ப்பது: நடைபாதை ஓரம் உட்கார்ந்திருக்கிறாரா, கையில் பையும் குழந்தையும் இல்லாமல் இருக்கிறாரா, கண்ணைப் பார்க்கிறாரா, கூட வந்தவர்கள் கைதட்டி உசுப்பேற்றுகிறார்களா. போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறவரை அனேகமாகக் கூப்பிடமாட்டார்கள். மேடையேற ஆசையுள்ளவர் சீக்கிரமே போய் முன்பாதியில் நடைபாதை ஓரத்தைப் பிடிக்கவேண்டும். பளிச்சென்ற சட்டை உதவும். ஆசையில்லாதவர் வரிசையின் நடுவில், மடியில் பையோடு உட்கார்ந்தால் போதும். கோயில் கொடையில் கரகாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முன்வரிசை எப்படிப்பட்ட இடம் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூப்பிட்டேவிட்டால்? சிரித்த முகத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தலையை ஆட்டினால் நல்ல தொகுப்பாளர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பக்கத்தில் இருக்கிறவரைக் கைகாட்டி விடுவதுதான் நம்ம வழக்கம். அதைச் செய்யாதீர்கள், அது பெரும்பாலும் மைனியாகவோ அத்தானாகவோதான் இருக்கும். வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

இன்னொன்று. பெரிய பூங்காக்களின் டிக்கெட் நிபந்தனைகளில், உள்ளே எடுக்கும் படங்களில் நாம் இருந்தால் அதை அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். மேடையேறி ஆடியது அவர்களுடைய இன்ஸ்டாகிராமில் வந்தால் சண்டை போடமுடியாது. மாமனார் பார்த்தால் பரவாயில்லை என்கிறவர்கள் ஏறலாம்.

நனைகிற வரிசை

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் செந்தோசா தீவில் 2010ல் திறந்தது. அங்கே நடக்கும் 'வாட்டர்வேர்ல்டு' ஷோவில் யாரையும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. ஷோ தொடங்குவதற்கு முன்னாலேயே நடிகர்கள் வாளியோடும் தண்ணீர்த் துப்பாக்கியோடும் முன்வரிசைகளை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். பிறகு ஜெட் ஸ்கீ சீறும்போதெல்லாம் தண்ணீர், கூடவே தீ, குண்டுச் சத்தம். கடைசியில் வேலிக்கு மேலே ஒரு விமானமே பாய்ந்து வரும். நம் பங்கு நனைவதும் கத்துவதும்தான்.

இதைக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா சொல்வார்: "குத்தாலத்துல காசில்லாம நனையலாம், இதுக்கு எதுக்குல பாஸ்போர்ட்டு?" நியாயமான கேள்வி. தண்ணீருக்காக என்றால் ஐந்தருவிக்கே போகலாம். ஆனால் பங்கெடுப்பு என்கிற கணக்கில் இந்த ஷோவுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. நனையும் பகுதி எது என்று முதலிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் சம்மதம், பின்னால் உட்கார்ந்தால் இல்லை. யாரும் யாரையும் கெஞ்சவேண்டாம், மறுத்துச் சங்கடப்படவேண்டாம். பிள்ளைகளும் சித்தப்பாவும் முன்னால் போய்த் தொப்பலாக நனையட்டும், ஆச்சியும் அம்மாவும் மேலே காய்ந்த இடத்தில் இருந்து பார்த்துச் சிரிக்கட்டும். ஷோ ஆங்கிலத்தில்தான். ஆனால் கெட்டவன் யார், நல்லவன் யார் என்று தெரிந்துகொள்ள ஆங்கிலம் தேவைப்படாது.

போனையும் பர்சையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடவேண்டும். மாற்றுத்துணி கட்டாயம். நனைந்த உடனே குளிரூட்டிய கடைக்குள்ளோ அடுத்த அரங்குக்குள்ளோ நுழைந்தால் சின்னப் பிள்ளைகள் குளிரில் நடுங்கும். ஆகவே அந்த ஷோ முடிந்ததும் வெயிலில் காய்கிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது. வெடிச் சத்தம் பெரிது. கைக்குழந்தையோடு போகவேண்டாம்.

செலவைப் பற்றி ஒன்று. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய்த் தலைமுறைகளாக அங்கேயே இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அப்படிச் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவு மிச்சம், விமானம் திருவனந்தபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ. இல்லாதவர்களுக்கு இந்த நனைதல் ரொம்ப விலை கூடியது, பெரியப்பா பக்கம்தான் நானும் நிற்பேன்.

பேசுகிற பொம்மை, பேசாத சிலை

பெரிய பூங்காக்களில் இன்னொரு வகை இருக்கிறது. திரையில் ஒரு கார்ட்டூன் ஆமை வந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, கேட்ட கேள்விக்கு உடனுக்குடன் பதில் சொல்லும். பின்னால் மறைவில் ஒரு நடிகர் இருந்து குரல் கொடுக்கிறார், அவர் ஆட்டுவதற்கேற்ப ஆமை அசைகிறது. புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2004ல் இந்த வகை பேர் வாங்கியது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் மேடை கிடையாது, ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம். ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம். நம் பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயாராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இதற்கு நேர் எதிர் சென்னை விஜிபி. ஈசிஆரில் அந்தப் பூங்காவுக்குப் பல பத்தாண்டுகளாகப் பெயர் வாங்கிக்கொடுத்தவர் சிலை மனிதர். தலைப்பாகையும் மீசையுமாகக் காவல்காரர் உடையில் அசையாமல் நிற்பார். வருகிறவர்கள் அவரைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள். முகத்தைக் கோணுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், எசப்பேச்சுப் பேசுவார்கள். அவர் அசையமாட்டார்.

யோசித்துப் பார்த்தால் அங்கே ஷோ நடத்துவது அவர் இல்லை, நாம்தான். அவர் சும்மா நிற்கிறார், சுற்றி நிற்கிற கூட்டம் பார்ப்பது கோமாளித்தனம் பண்ணுகிற நம்மை. மைக் இல்லை, தொகுப்பாளர் இல்லை, யாரும் கூப்பிடுவதில்லை. விரும்பினால் போகலாம், போதும் என்றால் திரும்பி நடக்கலாம். வேஷம் அவருக்கு, ஆட்டம் நமக்கு. கூச்சக்காரர்கள் முதன்முதலாகப் பங்கெடுக்க இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரியவில்லை. தமிழிலேயே செய்யலாம் என்பது கூடுதல் லாபம். ஒரே ஒரு நிபந்தனை: தொடக்கூடாது, கிள்ளக்கூடாது, கண்ணுக்குப் பக்கத்தில் கையை ஆட்டக்கூடாது. வெயிலில் மணிக்கணக்காக நிற்கிற மனுஷனுக்கு அது பிழைப்பு. "ஏல, அந்த ஆளு உசுரோடதாம்ல நிக்காரு" என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

இதற்காக மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல் போகச் சொல்வேனா? மாட்டேன். ஆனால் சென்னைக்கு எப்படியும் ஒரு கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ போகத்தான் செய்கிறோம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் தாம்பரம். 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத் 8 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டாலும், போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிடும், பூங்காவுக்கு அந்த நாள் உதவாது. திருப்போரூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் வொண்டர்லாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

கூட்டத்தோடு கூட்டமாக

கொச்சி வொண்டர்லா பள்ளிக்கரையில் இருக்கிறது. 2000த்தில் வீகாலேண்ட் என்று தொடங்கியது, அந்தப் பழைய பெயரைச் சொல்கிறவர்கள் நெல்லையில் இன்னும் இருக்கிறார்கள். அங்கே பெரிய நாடகம், ஸ்டண்ட் என்று எதிர்பார்த்துப் போகக்கூடாது. அலைக்குளமும் மழை நடனமும்தான் அங்கே நேரடிக் கொண்டாட்டம். பாட்டுப் போடுவார்கள், மேலேயிருந்து தண்ணீர் கொட்டும், நூறு பேர் ஆடுவார்கள். எல்லாரும் ஆடுவதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆடாத ஆண்கள்கூட அங்கே இரண்டு கையைத் தூக்கிவிடுகிறார்கள். கூட்டம்தான் அங்கே வேஷம்.

உடை விஷயத்தில் கறார். குளத்தில் இறங்கச் சேலை, வேட்டி, பருத்திச் சுடிதார் எல்லாம் ஆகாது, நைலான் மாதிரியான துணிதான் வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலர் கடைசி நேரத்தில் கரையிலேயே பைக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவதற்கு இதுதான் காரணம், கூச்சம் அல்ல. முழங்கால் மறைக்கும் நைலான் உடையை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போனால் அங்கே கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை. தாலிச் சங்கிலி தவிர்ந்த நகையெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நெல்லையிலிருந்து போக இதுதான் வசதியானது. பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி, தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் காலையில் எர்ணாகுளம் சேர்க்கிறது. திரும்பும் வண்டி முன்னிரவில் எர்ணாகுளம் வந்து விடியற்காலையில் நெல்லையில் விட்டுவிடும். லாட்ஜ் வாடகை இல்லாமல் ஒரே பகலில் முடிக்கலாம். சாயங்காலம் கடைசி ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கிளம்பவேண்டியிருக்கும், அது ஒன்றுதான் வருத்தம். ஜூன், ஜூலையில் கேரள மழை சேர்ந்துகொள்ளும். கூட்டம் குறைவு, நனைவதற்குத்தானே போகிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு அது நல்ல காலம். இடி மின்னல் வந்தால் குளங்களை நிறுத்திவிடுவார்கள்.

வேண்டாம் என்று சொல்கிற வகை

பூங்காக்களிலும் ரிசார்ட்டுகளிலும் சாயங்காலத்தில் சின்ன மேடை போட்டு ஒரு தொகுப்பாளர் விளையாட்டு நடத்துவார். புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு நடுவில் பலூன் வைத்து உடைக்கச் சொல்வது, கண்ணைக் கட்டிப் பொட்டு வைக்கச் சொல்வது, குண்டான ஒருவரைத் தேடிப்பிடித்து ஆடவைப்பது. பரிசு ஒரு பிளாஸ்டிக் டப்பா. இங்கே வருகிறவருக்கு வேஷமும் இல்லை, கதையும் இல்லை. அவருடைய உடம்பும் நிறமும் பேச்சும்தான் நகைச்சுவை. தெற்கத்திப் பேச்சைக் கேட்டதும் அதையே திரும்பச் சொல்லிச் சிரிப்பு வாங்குகிற தொகுப்பாளரும் உண்டு. இந்த மேடையைப் பார்த்தால் நான் காபி குடிக்கப் போய்விடுவேன்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். "போய்யா, மாமா கூப்டுதாவல்லா, ஒண்ணும் செய்யமாட்டாவ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிற அப்பா எல்லா அரங்கிலும் ஒருவர் இருக்கிறார். பிள்ளையின் கையைப் பிடித்துத் தானே தூக்கிக் காட்டுகிற அம்மாவும் இருக்கிறார். மேடையில் அழுத பிள்ளை அடுத்த ஷோவுக்குள் நுழையவே மறுக்கும், அதோடு அந்த நாள் முடிந்தது. பிள்ளை தானாகக் கை தூக்கினால் மட்டும் போகட்டும். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு மேடையைவிடத் திரை ஆமையோ சிலை மனிதரோ மேல். பத்து வயதுக்கு மேல் அவர்களே நம்மைவிடத் தெளிவாக முடிவு செய்வார்கள்.

பெரியவர்களுக்கு வேறு கவனம். இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஸ்டண்ட் மேடைப் பக்கம் போகக்கூடாது. வெட்டி வெட்டி மின்னும் விளக்கு இருக்கிற அரங்கம் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. காது மெஷின் போட்டிருக்கிறவர்கள் நனையும் வரிசையில் உட்காரக்கூடாது. இதையெல்லாம் வாசல் பலகையில் எழுதித்தான் வைத்திருப்பார்கள்.

யாருக்கு எது

மூன்று தலைமுறை சேர்ந்து வேனில் போகிற குடும்பம் என்றால் கொச்சி. யாரும் தனியாக மாட்டிக்கொள்ளமாட்டார்கள், ஆடுகிறவர் ஆடலாம், ஆச்சி நிழலில் உட்காரலாம். கூச்சக்காரப் பிள்ளையோடு போகிற சின்னக் குடும்பம், அதிலும் சென்னையில் தங்க இடம் இருப்பவர்கள், சிலை மனிதரில் ஆரம்பிக்கட்டும். வீட்டில் நாடக ஆசை உள்ளவர் ஒருவராவது இருந்தால் ராமோஜி. அதுவும் மே வெயிலில் வேண்டாம், டிசம்பர், ஜனவரியில். சனி ஞாயிறைத் தவிர்த்தால் கூப்பிடப்பட வாய்ப்பு கூடும், ஏனென்றால் கைதூக்குகிறவர்கள் குறைவு. சிங்கப்பூர் என்றால், அங்கே இருக்கிற சொந்தக்காரர் கூப்பிட்டால் மட்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாகப் போவதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவர்கள் எந்த மேடையிலும் ஏறிவிடுவார்கள்.

எங்கே போனாலும் வாசலில் நுழைந்ததும் அன்றைய ஷோ நேரங்களைப் பார்த்துவிடவேண்டும். ராட்டினம் நாள் முழுக்கச் சுற்றும், ஷோ ஒன்றிரண்டு தடவைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்து ஷோவில் கூட்டம் குறைவாக இருக்கும். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகிற யோசனை இருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஓட்டு கொச்சிக்கு விழுந்திருக்கிறது. மைனி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குதிரை வண்டியில் ஏறாமல் விடமாட்டேன் என்று நிற்கிறார். அவருக்கும் அண்ணனுக்கும் டிசம்பரில் ஹைதராபாத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.